சத்தமில்லாத டயர் கேட்டவர்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. அதுவாகக் கடைக்குள் வந்தது, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "இதுல எது சத்தம் போடாது?" என்று கேட்டது.

கேட்டவர் பெயர் அஹ்தி. கெலுயார்வி ஊர்க்காரர், காட்டில் மரம் வெட்டும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் சக்கரம் கழற்றி மாட்டும் கடை பக்கத்து ஊரான சொதன்கூலாவில், வடதுருவ வட்டத்துக்கும் வடக்கே இருக்கிறது. அக்டோபர் மாதம், ஏரியின் ஓரம் உறையத் தொடங்கிவிட்டது. இந்தப் பருவத்தில் பனிக்கால டயர் மாட்டக் கடைக்கு வருகிற எல்லோரும் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: எது வழுக்காது? சத்தத்தைப் பற்றிக் கேட்ட ஆளை அன்றுதான் பார்த்தேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "வெண்பனி போர்த்திய வடதிசை நாட்டில், வானத்தில் பச்சை ஒளி நடனமாட..."

அடித்துவிட்டேன். வானத்தைப் பார்த்துக்கொண்டு இங்கே யாரும் டயர் மாற்றுவதில்லை.

பிறகு: "அஹ்தி அதிகம் பேசாத மனிதர்." இதையும் அடித்தேன். இங்கே யார் அதிகம் பேசுகிறார்கள்?

வயது போன பிறகு எழுத்துப் படித்தவன் நான். பகலெல்லாம் சக்கரம் தூக்கிய கை ஒரு வரியை எழுதி, அடித்து, மறுபடி எழுதுவதற்குள் ஓய்ந்துவிடுகிறது. ஆகவே தொப்பியோடு வந்த தொடக்கமே இருக்கட்டும்.

2

கடை முதலாளி ஒய்வா, அஹ்தியோடு ஒரே பெஞ்சில் படித்தவர்.

"சத்தமா? ஏன்டா, காருக்குள்ள படுத்துத் தூங்கப் போறியா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"ஐஸக் கவ்வுறதுக்கு ஆணி வச்ச டயர் ரோட்டுல கரகரன்னு இரையும். ஆணி இல்லாதது பூனை மாதிரி போகும். வண்டி பழகின நாள்லேருந்து ஆணியிலயே ஓட்டுறவன் நீ. ஒனக்கு இது தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுகிட்டு எதுக்குடா என் வாயக் கிளறுற?"

அஹ்தி தொப்பியின் உட்புறத்தைப் பார்த்தார். "வாரத்துல மூணு நாள் ரொவனியெமி போகணும். சில்விக்கு."

ஒய்வாவின் கேலி அப்படியே நின்றுவிட்டது. அஹ்தியின் மனைவி சில்விக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. இரண்டு மணி நேரம் தள்ளி இருக்கும் அந்த ஊர் ஆஸ்பத்திரியில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். ஒரு முறை தவறினாலும் உடம்பில் நீர் ஏறி மூச்சு முட்டும். ஊரில் எல்லோருக்கும் தெரியும்; யாரும் பேசுவதில்லை.

"அப்போ ஆணிதான்," என்றார் ஒய்வா, குரலைத் தணித்து. "பனி உருகி, தண்ணி நிக்குற ஐஸ்ல அதுதான் புடிக்கும். யோசிக்க என்ன இருக்கு?"

"முன்னால ரெண்டு ஆணி, பின்னால ரெண்டு ஆணியில்லாம போடேன். பாதிச் சத்தம் கொறையும்ல?"

ஒய்வா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "முன்சக்கரம் நிக்கும், பின்சக்கரம் நிக்காது. பிரேக்க மிதிச்சா காரு சுத்திக்கிட்டு வந்த வழியப் பாக்கும். போலீஸ்காரனும் விடமாட்டான். மரம் வெட்டுற வண்டிக்கு ஒத்தப் பக்கச் சக்கரத்துல மட்டும் பனிச் சங்கிலி கட்டியாடா ஓட்டின?"

(இங்கே ஓர் அடைப்புக்குறி. ஆணி போட்டால் நாலிலும் ஆணி என்பது இந்த ஊரில் லைசென்ஸ் வாங்காத பிள்ளைக்கும் தெரியும். ஆயுள் முழுக்கப் பனியில் ஓட்டியவர் தெரியாமல் கேட்கவில்லை. வேறு வழி தெரியாமல் கேட்டார்.)

3

இந்த இடத்தில் எனக்கு அஹ்தி மேல் சந்தேகம் வந்தது. ஒரு கதாபாத்திரம் இப்படி முட்டாள்தனமாகப் பேசினால் வாசகர் நம்ப வேண்டாமா? காரை மேலே தூக்கி, முதல் சக்கரத்தைக் கழற்றும்போது, அவரே பக்கத்தில் வந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை. சக்கரத்தைப் பார்த்துச் சொன்னார்.

அரசாங்கமே டாக்சி அனுப்பும். முதலில் அதில்தான் போனார்கள். டிரைவர் இருக்கிறாரே என்று சில்வி ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு வாய் திறக்கவில்லை. பிறகு அஹ்தி சொந்தக் காரை எடுத்தார். வழியில் விகயார்வி ஊரைத் தாண்டும்போது, "அந்தக் கொட்டகை எங்கப்பா கட்டினது மாதிரியே இருக்கு," என்றாராம் சில்வி. அன்று தொடங்கிய பேச்சு கோடை முழுக்க நிற்கவே இல்லை.

இங்குள்ளவர்களுக்கு முகம் பார்த்துப் பேச வராது. சவுனா என்கிற நீராவிக் குளியலறையிலும் காரின் முன்சீட்டிலும்தான் வாய் திறக்கும். இரண்டிலும் நேரே பார்த்தால் போதும். சவுனாவின் சூடு சில்விக்கு இனி ஆகாது. மிஞ்சியது கார். அதிலும் சில்விக்குக் காது மந்தம். காதுக்கருவி வைத்தால், அது முதலில் அள்ளி வருவது டயர் இரைச்சலைத்தான்.

"சின்ன வயசுல அவ ரயில் ஓட்டணும்னு ஆசைப்பட்டாளாம்," என்றார் அஹ்தி. "ஒரே வீட்டுல நாப்பது வருஷம். இந்தக் கோடையிலதான் எனக்குத் தெரியுது. நோவு வந்ததுக்கு எவனாச்சும் நன்றி சொல்வானா? நான் சொல்றேன். வெளிய சொல்லிராத."

(சொல்லவில்லை. இங்கே எவருக்கும் புரியாத தமிழில்தானே எழுதுகிறேன்.)

4

முடிவுக்கு வருவோம். மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்று. ஆணியில்லாத டயர். வீட்டை விட்டுச் சீக்கிரமே கிளம்பி மெதுவாகப் போகிறார்கள். பேசவும் கூடுதல் நேரம். மார்ச் மாதம், பனி இளகிய ஒரு காலை, சில்வி எதையோ சொல்லிச் சிரிக்கிறார், வளைவில் எதிரே மரம் ஏற்றிய லாரி வ

இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. வேண்டியவர்களை அந்த வளைவில் கொண்டுபோய் விட மனம் வரவில்லை.

இரண்டு. ஆணி டயர். குளிர்காலம் முழுக்க ஒரு நாள்கூடத் தவறாமல் போய்ச் சேர்கிறார்கள். இரைச்சல் பொறுக்காமல் சில்வி காதுக்கருவியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு ஜன்னலோடு ஒட்டிக்கொள்கிறார். எல்லாம் நல்லபடி முடிந்தது. படித்துப் பார்த்துவிட்டுக் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

மூன்று. சத்தமே போடாத ஆணி டயரை எவரோ கண்டுபிடிக்கிறார். பொய். கிழித்தேன்.

5

ஆகவே நடந்ததைச் சொல்கிறேன், அது எதுவரை நடந்ததோ அதுவரை.

நாலு சக்கரமும் கழற்றியாகிவிட்டது. எனக்கு இடப்பக்கம் ஆணி வைத்த அடுக்கு, வலப்பக்கம் ஆணியில்லாத அடுக்கு. டயருக்குக் காற்றடைக்கும் காற்று இயந்திரம் காது கிழிய இரைந்துகொண்டிருந்தது. அஹ்தியோடு வந்து இதுவரை காப்பி பெஞ்சில் உட்கார்ந்திருந்த சில்வி எழுந்து வந்தார்.

"ஏ கெழவா, டயர் மாட்டுறீங்களா, இல்ல பெத்து எடுக்குறீங்களா?"

அஹ்தி ஏதோ சொன்னார்.

"என்னது?"

"ஆணியா, ஆணி இல்லாததான்னு கேக்குறேன்!"

"ஆணிதான்! எனக்குச் சாவ இன்னும் அவசரமில்ல!"

"அதப் போட்டா நீ பேசுறது எனக்குக் கேக்காது! நான் பேசுறது ஒனக்குக் கேக்காது!"

கத்திவிட்டார். கடையில் இருந்த அத்தனை பேரும் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள். இந்த ஊரில் ஒரு ஆண்பிள்ளை இப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஒய்வா நடந்து போய்க் காற்று இயந்திரத்தை அணைத்தார். வரிசையில் இத்தனை வண்டி நிற்கிறபோது அவர் அதை அணைத்து நான் பார்த்ததே இல்லை. அந்த மனுஷனுக்கு இந்தக் கதையில் வேறெங்கும் நன்றி சொல்ல இடமில்லை, இங்கேயே சொல்லிக்கொள்கிறேன்.

நிசப்தம். சில்வி புருஷனைப் பார்த்தார். நேராக, முகத்தை.

"நான் பேசினதெல்லாம் கேட்டுக்கிட்டா இருந்த? ரோட்டப் பாத்து ம்... ம்...னுட்டுத்தானே இருந்த?"

"எல்லாத்தையும் கேட்டேன்."

சில்வி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். ஆள் உட்காரும் அளவுக்கு நகர்ந்துகொண்டார். "சரி, வா. இன்னும் நெறைய இருக்கு."

அஹ்தி போய் உட்கார்ந்தார். ஒய்வா இரண்டு கோப்பையில் காப்பி ஊற்றி வைத்துவிட்டு வெளியே போனார். வாசலில் காத்திருந்த ஒரு வண்டியும் ஹாரன் அடிக்கவில்லை.

கார் மேலே, சக்கரமில்லாமல் தொங்குகிறது. நான் கையில் போல்ட்டுகளோடு இரண்டு அடுக்குக்கும் நடுவில் நிற்கிறேன். எதை மாட்டுவது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். இப்போதே வேண்டாம். அந்த அம்மா பேசிக்கொண்டிருக்கிறார்.