இளஞ்சிவப்பு அங்கிகள்

வலைப்பையின் முடிச்சை அவிழ்த்து முதல் அங்கியை உதறியதுமே ஜெபக்காவுக்குக் கை ஓடவில்லை. வெள்ளையாக இருக்கவேண்டிய அங்கி, அறை வாங்கிய குழந்தையின் கன்னம்போலச் சிவந்திருந்தது. அடுத்ததும் அப்படியே. கடைசி அங்கியின் கைக்குள்ளிருந்து ஒரு சிவப்பு ரிப்பன் நழுவி வீட்டுக் குளியலறைத் தரையில் விழுந்தது. சபைப் பாடகர் குழுவில் பாடும் சிறுமி எவளோ அவிழ்த்துச் சுருட்டி வைத்து மறந்துவிட்டிருக்கிறாள்.

வேலை பார்க்கும் சலவைக்கூடத்தில் அவளுக்கு ஜெபக்கா என்றுதான் பெயர். வேலையைத் தொடங்கும்முன் கண்ணை மூடி ஒரு நொடி நிற்பாள். ஓட்டல்களின் விரிப்புகள் மலைபோல் வந்து குவியும் இடம் அது. மாதத்துக்கு ஒருமுறை அந்த மலைக்குள் சபையின் அங்கிகளையும் அவள் நுழைத்துவிடுவாள். யாரிடமும் கேட்டதில்லை. வலைப்பையில் போட்டு வாயைக் கட்டி, இயந்திரத்தின் ஓரத்தில் செருகிவிட்டால் தீர்ந்தது. முதலாளியின் தண்ணீர், முதலாளியின் சோப்பு, ஆண்டவருக்கு ஊழியம். இதில் உறுத்த என்ன இருக்கிறது என்று அவள் உட்கார்ந்து யோசித்ததேயில்லை.

இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவள் சுடுதண்ணி. எடுத்ததற்கெல்லாம் கொதிப்பதால் வைத்த பெயர். முதுகுவலிக்காரி. துவைத்து முடிந்ததும், "நீ போய் உட்காரு, நான் இறக்கறேன்" என்பாள் ஜெபக்கா. மற்ற நாள்களிலும் இறக்குவாள்தான். அங்கி நாளில் மட்டும் அந்த அன்புக்குக் கொஞ்சம் அவசரம் கூடிவிடும்.

இன்று மத்தியானமும் வலைப்பையை முதலில் எடுத்து, பாராமலே தன் பைக்குள் திணித்துவிட்டுத்தான் விரிப்பை இழுத்தாள். எல்லாவற்றிலும் சிவப்புச் சாயம். "ஐயோ!" என்று அலறியதும் அவள்தான். மேலாளர் ஓடிவந்தார். வெளுப்பு மருந்து போட்டு மறுபடி மறுபடி ஓட்டியும் சாயம் அசையவில்லை. அவர் சுடுதண்ணியிடம் திரும்பினார்.

"பிரிச்சுப் பார்த்துப் போடுன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே. கண்ணை எங்க வெச்சிருந்த?"

"பார்த்துத்தான் சார் போட்டேன். என் கண்ணு மேல சத்தியம்."

"அந்தக் கண்ணோட லட்சணம்தான் தெரியுதே. நாளையோட நின்னுக்க."

சுடுதண்ணி கொதிக்கவில்லை. சுவரோடு சுவராக நின்றாள். "பார்த்திருக்கலாமேம்மா" என்று அவள் தோளைத் தட்டிவிட்டு வந்திருந்தாள் ஜெபக்கா. அந்தத் தோளின் சூடு இப்போதும் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

கணவர் வீட்டுக் கூடத்தில் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். சபையில் வாசிப்பவர் அவர்தான். ஈர அங்கியோடு வந்து நின்றவளைப் பார்த்ததும் சிரித்தார்.

"சாயமா? விடு. பாட வந்தா தொண்டையைத்தானே கேப்பாங்க, துணியையா கேப்பாங்க?"

அவள் நடந்ததைச் சொன்னாள். அவருடைய கையில் துணி அப்படியே நின்றது.

"யார்கிட்டயும் சொல்லாத" என்றார் பிறகு.

"அவளுக்கு வேலை போகுதுங்க."

"அவளுக்காக ஜெபம் பண்ணுவோம்."

அவள் அவரையே பார்த்தாள். அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

"நாம எவ்வளவு நாள் முழங்கால் போட்டு ஜெபிச்சோம், இந்த ஞாயித்துக்கிழமைக்காக? போதகர்கிட்ட சொல்லியாச்சு. கர்த்தர் செஞ்ச நன்மையை நீ சாட்சியா சொல்லப்போறேன்னு சபையே காத்திட்டிருக்கு. கர்த்தர் திறந்த கதவை நீயே சாத்துவியா?"

"அவர் திறந்த கதவுல அவ ஏங்க நசுங்கணும்?"

அவர் கெட்டவர் இல்லை. சலவைக்கூடத்துக்கு ஞாயிறு கிடையாது. மேற்பார்வையாளருக்கு மட்டும்தான் அந்த விடுமுறை. கல்யாணமான காலத்திலிருந்து பிரசங்கத்தை அவள் அவர் வாயால் கேட்டதோடு சரி. ஆராதனையில் தன் பக்கத்து நாற்காலியில் வேதாகமத்தை வைத்து, அவளுக்கென்று இடம் பிடித்துவைத்தே பழகிப்போன மனிதர். மேற்பார்வை வேலை இனி உனக்குத்தான், இந்த வாரத்திலிருந்தே ஞாயிறு வரவேண்டாம் என்று மேலாளர் சொன்ன அன்று அவர்தான் அழுதார்.

அதன்பின் சமையலறையில் பாத்திரங்கள் பேசின. ஜெபிக்க உட்கார்ந்தாள். கண்ணை மூடினால் சுவரோடு ஒட்டி நின்ற சுடுதண்ணிதான் தெரிந்தாள்.

காலையில் மேலாளரின் மேசைமேல் ரிப்பனை வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவர் அதை விரலால் தள்ளிப் பார்த்தார்.

"ரொம்ப நாளா நடக்குதா இது?"

"ஆமா சார்."

"கேட்டிருந்தா மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"அவளை இருக்கச் சொல்லு. மேற்பார்வைக்கு நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன். நாளைக்கு ஞாயிறு, நீ வழக்கம்போல வந்துடு."

ஜெபக்கா போய்ச் சொன்னதைச் சுடுதண்ணி முழுதும் கேட்டாள். இப்போது கொதித்தாள்.

"நான் கண்ணு மேல சத்தியம் பண்றப்ப பக்கத்துலதானேக்கா நின்ன?"

"அப்ப எனக்கே தெரியாதும்மா. வீட்டுல போய்ப் பார்த்தப்பதான்..."

"வீட்டுல தெரிஞ்சதுக்கு இப்பதான் விடிஞ்சுதா? நேத்து எங்க வீட்டுல அடுப்பே பத்தவைக்கல. அது போகட்டும். என் முதுகுக்காக இறக்கறான்னு உன்னைப் பத்தி ஊரெல்லாம் பெருமை பேசினேனே, அதை எங்க போய்த் திருப்பி வாங்கறது?"

ஜெபக்கா கையை நீட்டினாள். சுடுதண்ணி விலகிக்கொண்டாள்.

"உங்க சாமி இதுக்கெல்லாம் என்ன சொல்லும்?"

"முதல்ல உன்கிட்ட மன்னிப்புக் கேக்கச் சொல்லும்."

"கேளு."

கேட்டாள்.

"கேட்டாச்சுல்ல, போ. எனக்குத் தோணறப்பக் குடுக்கறேன்."

ஞாயிறு காலை கணவர் அங்கிகளை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் தயங்கினார்.

"போதகர் கேட்டா என்ன சொல்ல?"

"நடந்ததைச் சொல்லுங்க."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். பிறகு தலையாட்டிவிட்டுப் போனார். கையில் அவளுடைய வேதாகமமும் இருந்தது. நாற்காலிக்குத்தான்.

சலவைக்கூடத்தில் பெரிய விரிப்புகள் மடிப்புக்குக் காத்திருந்தன. அவற்றைத் தனி ஆளாக மடிக்க முடியாது. ஜெபக்கா ஒரு முனையைப் பிடித்து நின்றாள். மறுமுனை தரையில் கிடந்தது. யாரும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கை அதை எடுத்தது. சுடுதண்ணி. முகத்தில் ஒன்றும் இல்லை. உதறினார்கள், நடந்து வந்து நுனியோடு நுனி சேர்த்தார்கள், விலகினார்கள். மறுபடி நடந்து வந்தார்கள். அடுக்கு இடுப்பு உயரத்துக்கு வந்தபோது சுடுதண்ணி வாயைத் திறந்தாள்.

"இந்நேரம் உங்க சர்ச்சுல என்ன நடக்கும்?"

"பாட்டு."

"அந்த அங்கியைப் போட்டுக்கிட்டா?"

"வேற ஏது?"

சுடுதண்ணியின் உதடு துடித்தது. "பாவம், உங்க ஆண்டவருக்குக் கண்ணு கூசும்."

சிரிப்பு முதலில் யாரிடமிருந்து வந்ததென்று தெரியவில்லை. வந்த வேகத்திலேயே அடங்கியும் போனது. அதற்குப் பெயர் மன்னிப்பா என்று ஜெபக்கா கேட்கவில்லை.

இயந்திரம் ஓடி நின்றது. நீ போய் உட்காரு என்ற பேச்சு பழக்கத்தில் நாக்கு நுனிவரை வந்து, வெட்கப்பட்டுத் திரும்பியது.

"என்னக்கா முழிக்கற? முதுகு நிஜமாவே வலிக்குது. வந்து இறக்கு."

ஜெபக்கா போய்க் கதவைத் திறந்தாள். உள்ளே விரிப்புகள் மட்டும்தான் இருந்தன.