ஒரே ஒரு அடி

தம்பியின் அறைக்கு ஏறும் படிக்கட்டிலேயே அந்தச் சத்தம் அவள் காலைப் பிடித்துக்கொண்டது. தம், தம், தம். கைப்பிடிக் கம்பி அதிர்ந்தது. தகர மூடி அடிக்கும் பட்டறையில் பாதி ஆயுளை ஓட்டியவள் அவள். பிரஸ் மிஷின் அடிக்கிற அடியை உள்ளங்காலே சொல்லிவிடும்.

“வாக்கா, காதைப் பொத்தாம வா,” என்றான் தம்பி. சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருந்தான். மேசையில் பொத்தான் பொத்தானாய் ஒரு பெட்டி, பக்கத்தில் பழைய டேப்.

“இது பாட்டாடா? பாடுறவன் எங்க, சாப்பிடப் போயிட்டானா?”

“டெக்னோக்கா இது. பாடுறவனே வேண்டாம். எங்கயோ ஒரு ஊரு, பூரா கார் கம்பெனி. அதெல்லாம் ஒண்ணொண்ணா மூடினப்ப, அங்க இருந்த பசங்க மலிவான தாள மிஷினை வாங்கி வச்சு உண்டாக்கினது. இப்ப உலகமே இதுக்கு ஆடுது. நம்ம பட்டறையும்தான் மூடியாச்சு. அதான் நானும் இறங்கிட்டேன்.”

“பட்டறை போயும் இந்த இடி விடலியாக்கும்.”

கேலி பேச அவள் மாடி ஏறவில்லை. புருஷன் நெஞ்சு நோயில் போய்ச் சேர்ந்து வருஷம் திரும்பவில்லை. ‘மாமா மிஷின் ஓட்டுற சத்தம் என்கிட்ட டேப்ல இருக்கு’ என்று தம்பி வாய்தவறிச் சொன்னதிலிருந்து அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஒரு தடவை கேட்டால் போதும்.

பட்டறையில் அவள் தகட்டை அச்சுக்கடியில் வைப்பாள், அவர் பெடலை மிதிப்பார். அவள் கை வெளியே வந்தாலும் உடனே மிதிக்க மாட்டார். அவள் விரல்களை ஒரு பார்வை பார்ப்பார், பிறகுதான் கால் இறங்கும். இமைக்கிற நேரம்தான். “பொண்டாட்டி உத்தரவு குடுத்தாத்தான் இவரு மிஷின் அடிக்கும்” என்று கூட இருந்தவர்கள் சிரிப்பார்கள். வேலை தங்குகிறதென்று மேஸ்திரி கத்துவார். அந்த வரிசைப் பெண்களில் பத்து விரலும் மிச்சமிருந்தது இவளுக்கு மட்டும்தான்.

“உங்க மாமா சத்தத்தைப் போடுடா.”

“ஓடிக்கிட்டிருக்கே, இதான்கா!”

கூர்ந்து கேட்டாள். இரும்பு அதே இரும்பு. அடியின் வாலில் தகரம் சிணுங்குவதும் அதேதான். ஆனால் ஒன்றின் முதுகில் இன்னொன்றாக, மூச்சே விடாமல் விழுந்தது. மடியிலிருந்த வலது கை தானாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது.

“இது அவரில்ல. இப்படி மிதிச்சிருந்தா நான் இன்னிக்குச் சோறு பிசைய முடியாது.”

“அவரு மிதிச்சதுதான்கா. ஒரே ஒரு அடியை வெட்டி எடுத்துப் பெட்டியில போட்டேன். அதையே திருப்பித் திருப்பி அடிக்கும், மயிரிழை பிசகாது.”

“மத்த அடியெல்லாம்?”

தம்பி டேப்பைப் பார்த்தான். “ஒண்ணு போதும்னு நினைச்சேன். அதுமேல வேற பதிஞ்சிட்டேன்கா.”

அவள் திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். பெட்டியை அணைத்தான்.

“நீ தட்டிக் காட்டுக்கா. கூடவே நின்னவ நீதானே? எவ்வளவு நேரம் நிறுத்துவாரோ, அப்படியே போட்டுடுறேன்.”

உள்ளங்கையை மேசைமேல் வைத்தாள். தட்டினாள். அந்தப் பார்வை விரல்மேல் வந்து விழுவதற்குக் காத்திருந்து, மறுபடி தட்டினாள். அடியில் அச்சும் இல்லை, தகடும் இல்லை. வெறும் பலகை.

“இதுவும் பெட்டி மாதிரியே ஒரே சீராத்தான் வருதுக்கா,” என்றான் மெதுவாக.

“தெரியுது.”

கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் தட்டினாள். எல்லா அடியும் ஒரே சீராகவே விழுந்தது.