ஒன்பதாவது நிமிடம்

மூன்றாவது முறையும் திரை அப்படியே நின்றுவிட்டது. கோகிலா மடிக்கணினியை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் மாலை போட்டு வைக்க ஒரு படம் இல்லை. இருக்கிற ஒரே நல்ல படமும் இந்தச் சனியனுக்குள். மூன்று மணிக்கு வண்டி வந்துவிடும்.

கல்லூரி முடிந்ததும் அவள் இந்தக் கஜா பெராங் வீட்டில் விட்டுப்போன பழசு அது. தூக்கிப் போடுங்கள் என்று பெர்த்திலிருந்து எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! அப்பா கேட்டால்தானே.

பக்கத்து வீட்டுப் பொன்னுதுரை உள்ளே வந்தார்.

"அடிக்காதம்மா. போர்டுலயே ஒட்டி வந்த மெமரி கெட்டுப்போச்சு, மாத்த முடியாதுன்னு கடையில சொல்லிட்டான். சூடானா தொங்கிடும் லா. ஆறவிட்டுத் திறந்தா பத்து நிமிஷம் ஓடும்."

"பத்து நிமிஷத்துல என்னத்த பண்ணுவாரு?"

"ஞாயித்துக்கிழமை உன்கூடப் பேசுவாரு. அதுக்கு மத்தியானமே இது ஆறட்டும்னு காத்தாடிக்கு முன்னாடி வச்சிடுவாரு. பேசும்போது அவர் முகம் அப்படியே நின்னுட்டா நீ பயந்துடுவியாம். அதான் ஒம்போதாவது நிமிஷத்துக்கு மணி."

மேசையில் முட்டை அவிக்க வைக்கும் சிவப்பு டைமர் இருந்தது.

"சரிம்மா, அடுப்புல சோறு கொதிக்குது." வாராவாரம் பத்து நிமிடம் ஆகுமுன்பே அப்பா இதைச் சொல்லித்தான் பேச்சை முடிப்பார். அம்மா இறந்த வருஷமே தான் அவரைத் தனியாக விட்டுப் பெர்த்துக்குப் போனதில் அவருக்குக் கோபம் என்று கோகிலா நம்பியிருந்தாள். அவளுக்கும் ரோஷம் வந்தது. கடைசி ஏழு ஞாயிறும் அவள் கூப்பிடவே இல்லை.

"இந்த ஏழு வாரமும் ஆறவச்சாரா, அங்கிள்?"

பொன்னுதுரை தரையைப் பார்த்தார். "வச்சாரும்மா."

அப்பா செய்த மாதிரியே ஆறவைத்து, டைமரைத் திருகிவிட்டுத் திறந்தாள். நாலாவது நிமிடத்தில் படம் கிடைத்தது. மெர்டேக்கா சுதந்திர நாள், கையில் சின்னக் கொடி, வெட்கச் சிரிப்பு. அவள் படத்தை ஏற்றிக் கொடுத்த பென்டிரைவை வாங்கிக்கொண்டு பொன்னுதுரை பண்டார் ஹிலிரில் படம் அச்சிடும் கடைக்கு மோட்டார் சைக்கிளில் பறந்தார்.

இனி அணைக்க வேண்டியதுதான். கோகிலா அணைக்கவில்லை. டைமர் அடித்தது. அதை நிறுத்திவிட்டு அந்தச் சிரிப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பதினோராவது நிமிடத்தில் திரையில் அம்புக்குறி அசையாமல் நின்றது.

மூடியை மெல்லச் சாத்தினாள். மடிக்கணினியை எடுத்துப்போய்க் காற்றாடிக்கு முன்னால் வைத்தாள்.