பூசைக்கு வச்ச மருந்து

எங்க வீட்டுக்காரர் மகாராஜன் பயந்த மனுசன். படுக்கப் போறதுக்கு முன்னாடி கேஸை மூடியாச்சான்னு வந்து வந்து பாப்பாரு. பஸ்ஸுல கம்பியைப் பிடிக்காம நிக்க மாட்டாரு. அப்பேர்ப்பட்ட ஆளு பெத்த மக உசுரோட விளையாடினாருன்னா நான் எங்கன போய்ச் சொல்லி அழ?

ராயகிரி பக்கம் மலையடிவாரத்துல எங்களுக்கு மக்காச்சோளக் காடு இருக்கு. ராத்திரியானா காட்டுப்பன்னி வந்து கொல்லையை உழுது போட்டுட்டுப் போயிரும். மாமனார் காலமான பிறகு அவரு வச்சிருந்த நாட்டுத் துப்பாக்கிக்கு இவர் பேருல லைசன்ஸ் மாத்தினோம். குழல் வாய் வழியா கரிமருந்தைப் போட்டு இடிக்கிற பழைய சாமான். பன்னியைக் கொல்லுததுக்கு இல்ல, வெறும் மருந்தை வெடிச்சாலே சத்தத்துக்கு ஓடிரும். மருந்து வாங்க திருநெல்வேலிக்கு நானும் கூடப் போனேன். கடைக்காரர் பொறுமையாச் சொன்னாரு. மருந்து தனி, அதைப் பத்த வைக்கிற கேப்பு தனி, ரெண்டுக்கும் பூட்டு. வாங்கின டப்பாவிலேயே மூடி இருக்கணும், தீ இருக்கிற பக்கமே கொண்டு போகக் கூடாது. இவரு பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டினாரு. சும்மா சொல்லக் கூடாது, அப்படியேதான் வச்சிருந்தாரு. அலமாரிச் சாவி எப்பவும் அவரு அரைஞாண் கயித்துலதான் கெடக்கும்.

ஆயுத பூசை வந்துது. குருவிகுளத்துல வாக்கப்பட்ட மாரித்தாய் மைனி, இவருக்கு மூத்த அக்கா, சங்கரன்கோவிலுக்கு எங்க வீட்டுக்கு வந்திருந்தாவ. நான் அடுக்களையில சுண்டல் தாளிச்சிட்டு இருந்தேன். பூசை வேலை பூரா இவர் பொறுப்பு. தாளிச்சு முடிச்சு எட்டிப் பாத்தேன்.

அரிவாள், மண்வெட்டி, பைக் சாவி, துப்பாக்கி எல்லாத்துக்கும் சந்தனமும் குங்குமமும் வச்சிருக்காரு. கேப்புப் பெட்டிக்கும் பொட்டு. அதை ஒட்டி மருந்து டப்பா, மூடியைக் கழட்டி உள்ள ஒரு பூவைக் கிள்ளிப் போட்டிருக்காரு. எட்டுற தூரத்துல குத்துவிளக்கு எரியுது. ரெண்டாங்கிளாஸ் படிக்கிற எங்க மக அனு, தன் புத்தகத்துக்குப் பூசை நடக்கப் போகுதுன்னு டப்பா பக்கத்திலேயே சம்மணம் போட்டு உக்காந்திருக்கா. இவரு சூடத்தட்டைச் சுத்திக்கிட்டே டப்பாவுக்கு நேரா கொண்டு போறாரு.

கத்தினா கை பதறித் தட்டு நழுவிரும். வாசல்ல இருந்த தண்ணிக்குடத்தைத் தூக்கிட்டு வந்து கவுத்தேன். மொதல்ல சூடத்து மேல, பெறகு விளக்கு மேல, மிச்சம் பூரா மருந்துல.

"ஏட்டி அபிதா, நல்ல நாளும் அதுவுமா எரியுத விளக்கை அணைச்சிட்டியே. இந்தக் குடும்பம் விளங்குமா?" மைனி ஒப்பாரி வைக்காத குறை.

இவரு கோவத்துல நனைஞ்ச தட்டை டொம்முன்னு தரையில வச்சாரு. "உனக்கென்ன கிறுக்கா? பூசைக்கு வைக்காம விட்டா குத்தம்ட்டி. சாமி முன்னால வச்சது எப்படிப் பத்தும்?"

"சாமிக்குத் தெரியும், சூடத்துக்குத் தெரியுமா? வருசம் பூரா பூட்டி வச்சீங்களே, இன்னைக்கு மட்டும் அது மஞ்சப்பொடி ஆயிருச்சா?"

"துப்பாக்கிக்குள்ள வச்சு இடிச்சாத்தான் அதுக்கு வேகம். வெளிய கெடந்தா வெறும் கரித்தூளு. இப்பக் காட்டுதேன் பாரு."

தள்ளி வச்சிருந்த மூடியில கொஞ்சம் மருந்து நனையாம ஒட்டி இருந்துது. அதைப் பின்பக்கம் துவைக்கிற கல்லுல தட்டினாரு. நகத்தளவுகூட இருக்காது. நீளக் கம்புல ஊதுபத்தியைக் கட்டி எட்ட நின்னு நீட்டினாரு. நான் அனுவை உள்ள விட்டுக் கதவைச் சாத்திட்டு ஜன்னல் வழியா பாத்தேன்.

புஸ்ஸுன்னு ஒரு முழத்துக்கு எழும்பிச்சு தீ. கண்ணை மூடித் திறக்க முன்ன அடங்கிட்டு. இவரு கம்பைக் கீழ போட்டுட்டு, புகை கலையுத வரைக்கும் அந்தக் கல்லையே பாத்துட்டு நின்னாரு.

இவரு உள்ள வந்தப்ப மைனி இன்னும் விளக்கைப் பத்தித்தான் புலம்பிட்டு இருந்தாவ.

"அக்கா, விளக்கு அணைஞ்சதுக்கு அழாத. அணையலேன்னா அழுகதுக்கு இந்த வீட்டுல ஆளு இருந்திருக்காது."

சொல்லிட்டு இவரு ஈரத்தரையிலயே உக்காந்து அனுவை இழுத்து மடியில வச்சுக்கிட்டாரு. அவ புருவத்தைத் தடவுதாரு, கன்னத்தைத் தடவுதாரு, ஒவ்வொரு விரலா விரிச்சு விரிச்சுப் பாக்காரு.

"என்னப்பா தேடுத?"ன்னு பிள்ளை கேக்கா. இவரு அடுத்த விரலை விரிக்காரு.

அவரைத் திட்டுறதுக்குன்னு ஒரு வண்டி வார்த்தை சேத்து வச்சிருந்தேன். அதை அப்படியே விட்டுட்டேன். நானும் போய் அவங்க பக்கத்துல அந்த ஈரத்துலயே உக்காந்தேன்.