மூணு நிமிஷம்

வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவில் போன் எடுக்கும் அவளை எல்லோரும் 'மிக்ஸி' என்றுதான் கூப்பிடுவார்கள். அவ்வளவு வாய். அதே பெயரில்தான் முதல் ராப் ஆல்பத்தை வெளியிட்டாள். ஒன்பது பாட்டிலும் துப்பாக்கி, ரத்தம், இருட்டுச் சந்து. துணி அலமாரிக்குள் தலையை விட்டுப் பதிவு செய்தது. இரண்டு மாதத்தில் முப்பத்தெட்டு தடவை கேட்கப்பட்டிருந்தது. அதில் இருபது அவளே கேட்டது.

"கரப்பான்பூச்சிய பாத்தா கட்டில் மேல ஏறுறவ நீ. உனக்கு எதுக்குடி துப்பாக்கி?" என்றாள் அக்கா. "ஆபீஸ்ல நடக்குறத தினமும் சொல்லி என் உயிரை வாங்குறியே, அதைப் பாடேன்."

மிக்ஸி இரண்டு நாள் அக்காவோடு பேசவில்லை. மூன்றாம் நாள் எழுத உட்கார்ந்தாள்.

'லைன்ல இருங்க' என்ற இரண்டாவது ஆல்பம் அப்படித்தான் பிறந்தது. அதன் நான்காவது பாட்டு மேனேஜரைப் பற்றியது. யாராவது பாத்ரூம் போனால் கையில் ஸ்டாப்வாட்சோடு வராந்தாவில் நிற்பவர் அவர்.

*மூணு நிமிஷம் தாண்டிப்போச்சு, கதவைத் தட்டுறார்*
*முடிஞ்சுதான்னு கேட்டுக்கிட்டே மூச்சு முட்டுறார்!*

ஒரே வாரத்தில் பஸ்ஸிலும் சலூனிலும் அந்தப் பாட்டுதான். திங்கட்கிழமை காலை மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். வேலை போச்சு என்று கைப்பையையும் எடுத்துக்கொண்டே உள்ளே போனாள்.

"உட்காரும்மா. அந்த நாலாவது பாட்டு..."

"சார், அது வந்து..."

"பிரமாதம்! காலையில இருந்து வாயிலேயே நிக்குது. ஆமா, யாரு அந்த மேனேஜர்?"

"பழைய... பழைய ஆபீஸ்ல, சார்."

"ச்சே, என்ன மனுஷன்! பாத்ரூம் போறதுக்கெல்லாமா கணக்கு பாப்பான்?" என்றவர், வராந்தாவில் யாரோ போகும் சத்தம் கேட்டதும் ஸ்டாப்வாட்சை எடுத்துக்கொண்டு ஓடினார்.

அடுத்த மாதம் பெரிய அரங்கில் நிகழ்ச்சி. முதல் வரிசையில் மேனேஜர், மனைவியோடு. நாலாவது பாட்டுக்கு எழுந்து நின்று கை தட்டினார். அந்த அம்மாவோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முடிந்ததும் அந்த அம்மா மட்டும் நேராக மேடைக்குப் பின்னால் வந்துவிட்டார்.

"அந்த நாலாவது பாட்டு எங்க வீட்டுக்காரர்தானே?"

பின்னாலேயே மேனேஜரும் வருகிறாரா என்று மிக்ஸி எட்டிப் பார்த்தாள்.

"பயப்படாதம்மா. அவருக்கு இந்த ஜென்மத்துல புரியாது. துண்டை எப்படிக் காயப்போடணும்னு எனக்கு படம் வரைஞ்சு ஒட்டி வெச்சிருக்கார், தெரியுமா? இருபத்தாறு வருஷக் கதை இருக்கு. எழுதிக்கோ."

இருவரும் ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்து பேசினார்கள்.

மூன்றாவது ஆல்பம் வந்த அன்றே முதலிடத்தைப் பிடித்தது. ஊர் ஊராக மேடைகள். மிக்ஸி வேலையை விட்டாள். விடைபெறும் நாளில் மேனேஜர் எல்லோர் முன்னாலும் பேசினார்:

"அந்தத் துண்டு பாட்டைக் கேட்டு நேத்து என் மனைவிக்கு சிரிச்சு சிரிச்சு புரையேறிடுச்சு. எங்க வீட்ல இப்படி சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு. நானும் கூட சேந்து சிரிச்சேன். நல்லா இரும்மா."

மிக்ஸிக்கு என்னவோ போலிருந்தது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு, "தேங்க்ஸ் சார்" என்று மட்டும் சொல்லி, அவர் கையை இறுகப் பிடித்துக் குலுக்கினாள்.