சொல் கேட்கும் சுவிட்ச்

பெற்றிசியாவுக்கு முதலில் கால்கள் போயின, பிறகு கைகள். நரம்பைத் தின்னும் வருத்தம், இதற்கு மருந்தில்லை என்று கொழும்பில் டொக்டர் சொன்னபோது அவளும் அமிர்தநாயகமும் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் இருந்து கேட்டார்கள். திரும்பி வரும் வழியில் மடுக் கோயிலில் இறங்கினார்கள். மாதாவின் முன்னால் அமிர்தநாயகம் முழந்தாளிட்டு நெடுநேரம் அழுதார். பெற்றிசியா சக்கரக் கதிரையில் இருந்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேசாலையில் அவர்களுக்குச் சின்ன வீடு, பிள்ளைகள் இல்லை. பெற்றிசியா பள்ளிக்கூடத்தில் இங்கிலிஸ் படிப்பித்தவள். காற்று வரட்டும் என்று அவளுடைய கட்டிலை முன் ஹோலில் போட்டிருந்தார்கள். அமிர்தநாயகத்துக்கு மீனுக்கு ஐஸ் போடும் கடற்கரை வாடியில் மெசின் பார்க்கும் வேலை. பகலில் பக்கத்து வீட்டு மங்கையற்கரசி வந்து பார்த்துக்கொள்வாள். பின்னேரம் தன் பிள்ளைகளுக்குச் சமைக்க அவள் போய்விட்டால், அமிர்தநாயகம் வரும்வரை பெற்றிசியா தனியேதான். அதற்கிடையில் இருட்டிவிடும்.

போகும்போது லைற்றைப் போட்டுவிட்டுப் போகவா என்று மங்கையற்கரசி ஒவ்வொரு நாளும் கேட்பாள். பெற்றிசியா வேண்டாம் என்பாள். ஏன் என்று ஒருநாள் அமிர்தநாயகம் கேட்டார்.

"காலமை எழுப்பிறதும் நீங்கள், குளிக்க வாக்கிறதும் நீங்கள். மூக்குக் கடிச்சாலும் நீங்கள்தான் சொறியோணும்," என்றாள். அப்போதே நாக்குக் கொஞ்சம் தடித்திருந்தது. "இருட்டுக்கு எனக்குப் பயமில்ல. ஒண்டையாவது நானாச் செய்யோணும் போல கிடக்கு."

அந்தப் பேச்சு அவரை விடவில்லை. வாயால் சொன்னால் லைற் எரியும் சுவிட்ச் ஒன்று இருப்பதாக வாடியில் யாரோ சொன்னார்கள். போனில் தேடி, கொழும்பிலிருந்து அதையும், அதற்குச் செய்தி சொல்லும் கைக்கடக்கமான பெட்டி ஒன்றையும் எடுப்பித்தார். பெயர் சொன்னால் விழிக்கும் அந்தப் பெட்டிக்கு இங்கிலிஸ் மட்டும்தான் விளங்கும். அமிர்தநாயகம் சொன்னது அதற்கு விளங்கவில்லை. "லைட் இல்ல, லைற். நாக்கை மடிக்காமப் பல்லடியில வையுங்கோ," என்று பெற்றிசியா திருத்தினாள். வகுப்பில் நிற்பதுபோல அவர் திரும்பத் திரும்பச் சொல்ல, அவள் மூச்சு முட்டச் சிரித்தாள்.

ஹோல் லைற்றுக்கு இரண்டு சுவிட்சுகள். வாசலில் ஒன்று, சமைக்கும் குசினிப் பக்கம் ஒன்று. எதில் தட்டினாலும் எரியும், எதில் தட்டினாலும் அணையும். மன்னார்த் தீவு முழுக்க வயறிங் செய்யும் கிருஷாந்தனைக் கூப்பிட்டால், தான் முள்ளிக்குளத்தில் ஒரு வீட்டு வேலையில் நிற்பதாகவும் அடுத்த கிழமை வருவதாகவும் சொன்னான். அமிர்தநாயகத்துக்குப் பொறுமையில்லை. போனில் வீடியோ ஒன்றைப் பார்த்துக் குசினிப் பக்கச் சுவிட்சை அவரே கழற்றினார். வீடியோவில் காட்டியதைவிட ஒரு கம்பி கூடுதலாக இருந்தது. கரண்ட் பார்க்கும் ரெஸ்ரரை வைத்துப் பார்த்தார். எரியவில்லை. கரண்ட் இல்லாத கம்பிதானே என்று அதையும் கறுப்பு நியூற்றல் கம்பியோடு சேர்த்து முறுக்கிவிட்டார்.

அன்று பின்னேரம் பெற்றிசியா சொன்னாள்: "டேர்ன் ஒன் த லைற்." லைற் எரிந்தது. அணைக்கச் சொன்னாள், அணைந்தது. மறுநாள் அவர் வேலையால் வந்தபோது தெருப் படலையிலிருந்தே ஹோல் வெளிச்சம் தெரிந்தது. "நான்தான் போட்டனான்," என்றாள் அவள். அதைச் சொல்வதற்கென்றே காத்திருந்ததுபோல இருந்தது.

அதற்கு அடுத்த நாள் மழை இருட்டு. மங்கையற்கரசி வரும்போது பழக்கதோசத்தில் வாசல் சுவிட்சைத் தட்டினாள். குசினிப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. வீட்டில் கரண்ட் போய், ரப்பர் எரிந்த மணம் வந்தது. சுவிட்ச் கருகிச் சுவரில் கரி படிந்திருந்தது.

கிருஷாந்தன் வந்து திறந்து பார்த்தான்.

"அண்ணை, இது டூவே. ரெண்டு சுவிட்சுக்கும் இடையில ரெண்டு கம்பி ஓடுது. ஒண்டு மாறி ஒண்டிலதான் கரண்ட் வரும். நீங்கள் ரெஸ்ரர் வைச்ச நேரம் இந்தக் கம்பி செத்துக் கிடந்திருக்கு. வாசல்ல தட்டின உடன அதுக்கு உயிர் வந்திட்டுது. அதை நியூற்றலோட முறுக்கி வைச்சா வெடிக்காம என்ன செய்யும்?"

"இப்ப என்ன செய்யலாம் தம்பி?"

"புதுசு ஒண்டு எடுப்பியுங்கோ. நான் பூட்டித் தாறன். அதுவரைக்கும் பழைய சுவிட்சைப் போட்டு விடுறன்."

புதியது வர இழுத்தது. முதலில் கையிருப்பு இல்லை என்றார்கள், பிறகு கப்பலில் வருகிறது என்றார்கள். அந்த இடைவெளியில் பெற்றிசியாவின் நாக்கு ஒவ்வொரு எழுத்தாகக் கைவிட்டது. ரகரம் போனது, லகரம் போனது. பாதர் நற்கருணை கொண்டு வந்தபோது அவள் சொன்னதை அமிர்தநாயகம்தான் அவருக்கு விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. மங்கையற்கரசி விளங்காமலே தலையாட்டப் பழகிக்கொண்டாள். கிழமைக்குக் கிழமை அமிர்தநாயகம் கொழும்புக்குப் போன் எடுத்துக் கத்தினார். அந்த வெடிச்சத்தத்தை நினைக்கும்போதெல்லாம் தன் கைகளை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

கடைசியில் சுவிட்ச் வந்தது. கிருஷாந்தன் அரைநாள் நின்று வேலை செய்தான். வாசலிலிருந்து வரும் இரண்டு கம்பிகளில் ஒன்றில் எப்போதும் கரண்ட் நிற்கும்படி செய்தான். மற்றதை வாசல் சுவிட்ச் தட்டப்படுவதைப் புதியதற்குத் தெரிவிக்க விட்டான். இனி வாசலில் தட்டினாலும் எரியும், சொன்னாலும் எரியும், ஒன்றும் வெடிக்காது. "சொல்லிப் பாருங்கோ அக்கா," என்றான்.

பெற்றிசியா சொன்னாள். பெட்டி தனக்கு விளங்கவில்லை என்று மரியாதையாகப் பதில் சொன்னது. மூச்சைச் சேர்த்து மறுபடியும் சொன்னாள். அதே பதில்தான். கழுத்து நரம்பு புடைக்க, எச்சில் வழிய, அவள் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். கிருஷாந்தன் குனிந்து வயறிங் ஆயுதங்களைப் பையில் அடுக்கத் தொடங்கினான். சொல்லிக்கொள்ளாமலே போனான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அமிர்தநாயகத்துக்கு ஒரு யோசனை வந்தது. கொரோனாக் காலத்தில் பள்ளிக்கூடம் பூட்டியிருந்தபோது பெற்றிசியா பிள்ளைகளுக்குப் போனில் பாடம் பேசி அனுப்புவாள். அவளுடைய பழைய போன் அலுமாரியில் கிடந்தது. அவர் அதைச் சார்ஜ் போட்டு, ஒவ்வொன்றாகக் கேட்டு, தேடியதைக் கண்டுபிடித்தார்.

"பெற்றி, இஞ்ச பார்," என்று கட்டிலடியில் வந்து நின்றார். பெட்டியைப் பெயர் சொல்லி எழுப்பிவிட்டுப் போனை அதனருகே பிடித்தார்.

"டேர்ன் ஒன் த லைற்," என்றாள் பழைய பெற்றிசியா. தெளிவான, கொஞ்சம் கண்டிப்பான குரல்.

லைற் எரிந்தது.

"பாத்தியோ? உன்ர குரல்தான். உன்ர குரலுக்குத்தான் எரியுது," என்றார். போனை நிறுத்த மறந்துபோனார். பாடம் ஓடிக்கொண்டே இருந்தது. கதவைத் திற, ஜன்னலைச் சாத்து, எழுந்து நில், என்னிடம் வா என்று ஒவ்வொன்றாக இங்கிலிசில் சொல்லி, பிள்ளைகள் திருப்பிச் சொல்ல அந்தக் குரல் இடம் விட்டது.

பெற்றிசியாவின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவளோடு இருபத்தைந்து வருசம் வாழ்ந்தவருக்கு மட்டும்தான் அது விளங்கும். நிப்பாட்டுங்கோ என்றாள்.

அவர் நிறுத்தினார். அவள் கண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து காதுக்குள் இறங்கியது. அதைத் துடைக்கக்கூட அவளால் முடியாது. அவர் துடைக்கப் போனபோது முகத்தைத் திருப்பப் பார்த்தாள். கழுத்து கொஞ்சம்தான் அசைந்தது. அவர் துவாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவளுக்கென்று மிஞ்சியிருந்த ஒன்றையும் தன் கையாலேயே செய்துவிட்டது அப்போதுதான் உறைத்தது.

அதன் பிறகு பெற்றிசியா எதையும் சொல்ல முயலவில்லை. பசித்தாலும் நொந்தாலும் கண்களால்தான் காட்டினாள். அமிர்தநாயகம் பெட்டியை எடுத்து வைத்துவிட்டு, இருட்டுப்படும் மம்மலில் லைற் தானாகவே எரியும்படி போனில் நேரம் குறித்து வைத்தார்.

சில நாள் கழித்து மங்கையற்கரசி படலையில் அவரை மறித்தாள்.

"அண்ணை, உங்களுக்குச் சொல்லோணும். நேற்று நான் கொஞ்சம் பிந்தித்தான் போனனான். லைற் எரிஞ்ச உடன அக்கா கண்ணை மூடிப்போட்டா. நித்திரை இல்ல. நான் கூப்பிடக் கூப்பிடத் திறக்கேல்ல."

"ஓம்," என்றார்.

அன்றே போனில் குறித்து வைத்த நேரத்தை அழித்தார். மறுநாள் வேலையால் வந்தபோது வீடு இருண்டு கிடந்தது. வாசல் சுவிட்சைத் தட்டினார். பெற்றிசியாவின் கண்கள் திறந்திருந்தன, கூரை முகட்டைப் பார்த்தபடி. அவர் பக்கம் திரும்பவில்லை. சேட்டைக் கழற்றி ஆணியில் கொழுவிவிட்டு, குசினிக்குப் போய்க் கஞ்சியைச் சூடாக்கினார். கட்டிலடிக்குக் கதிரையை இழுத்துப் போட்டு, அவள் தலையைத் தாங்கி, கரண்டியை உதட்டருகே கொண்டுபோனார். அவள் வாய் திறக்கவில்லை. கஞ்சி ஆறும்வரை அவர் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.