வாய் தெரிகிற தூரம்

“வாயில வெச்சா ரெண்டு நிமிசத்துல அடங்கிடும், அத்தோட...”

“அடங்கறதுக்கு அது இன்னா தறியா மாமா, சுச்ச அமுக்கறதுக்கு...”

“அத்தோட நீயும் ஒழுங்கா வேல பாக்கலாம்னு சொல்ல வந்தேன். அக்கா பசங்க ரெண்டும் இதத்தான் சப்பிக்கினு வளந்துச்சுங்க.”

தணிகைவேலின் உள்ளங்கையில் ஒரு நீல ரப்பர் நிப்பிள் இருந்தது. பால்புட்டியில் மாட்டுகிறது அல்ல, வெறுமனே சப்புவதற்கு. திருப்பதியிலிருந்து அவன் அக்கா வாங்கிக் கொடுத்து அனுப்பியது. அவன் மனைவி பிரமிளா அதைத் தொடவில்லை. மடியில் இரண்டு மாதப் பெண் குழந்தை, இப்போதுதான் குடித்து முடித்து, மறுபடியும் சிணுங்கத் தொடங்கியிருந்தது.

அவன் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. நகரியில் அவர்கள் வீட்டில் ஓடுவது நாலு பவர்லூம், ஆளுக்கு ரெண்டு. சனிக்கிழமைக்குள் சேலைகள் போயாக வேண்டும். அவளோ காலையிலிருந்து ஆறு தரம் எழுந்து வந்துவிட்டாள். ஆனால் வெள்ளிக்கிழமை என்று ஒன்று அதற்கு முன்னால் இருந்தது. குழந்தைக்கு எடை ஏறவில்லை. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் தாய்ப்பால் கொடுத்தே ஆகவேண்டும், வெள்ளிக்கிழமை இருநூறு கிராமாவது கூடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதுதான் என்று திருப்பதி டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

“ஒரே ஒரு தரம் பாரு. ஒத்துக்கலன்னா தூக்கிப் போட்டுடு” என்றான்.

சிணுங்கல் அழுகையானது. பிரமிளா எழுந்துபோய் நிப்பிளை வெந்நீரில் போட்டாள். குழந்தையின் வாயில் வைத்தாள். அவன் சொன்ன ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

புடவைத் தூளியில் அதைக் கிடத்திவிட்டுத் தறிக்குப் போனாள். தூளி எதிரே, முகம் தெரியும்படி கட்டியிருந்தது. நாலு தறியும் ஓடும்போது அந்தக் கொட்டகையில் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. தறிக்காரர் வீட்டில் குழந்தை அழுவதைக் காதால் அல்ல, கண்ணால்தான் தெரிந்துகொள்வார்கள். வாய் திறந்தால் பசி. பிரமிளா கடிகாரம் பார்த்ததே கிடையாது. அதற்கு அவசியமும் வந்ததில்லை; ரெண்டு மணி நேரம் ஆவதற்கு முன்பே அந்த வாய் திறந்துவிடும்.

இன்று திறக்கவில்லை. அறுந்த இழையை முடிச்சுப் போடும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தாள். கன்னம் குழிந்து குழிந்து எழும்பியது. நீல வட்டம் அசைந்துகொண்டிருந்தது. மார்பு கனத்து ஜாக்கெட் நனைந்தபோதுகூட ஒரு தரம் பார்த்தாள். வாய் மூடியிருந்தது. நனைந்ததைப் புடவையால் மூடிக்கொண்டு அடுத்த இழையைத் தேடினாள்.

கரண்ட் போனது. நாலு தறியும் ஒரே சமயத்தில் நின்றன.

அந்த அமைதியில் ரப்பரை அவசர அவசரமாகச் சப்பும் சத்தம் மட்டும் கேட்டது. பிரமிளா ஓடிப்போய்த் தூக்கினாள். உதடு வறண்டிருந்தது. கண்ணோரம் ஈரம் காய்ந்து கோடாகியிருந்தது. மதியச் சோற்றுக்கு முன்னால் கிடத்திய குழந்தை.

“மணி இன்னா?” என்றாள்.

அவன் போனைப் பார்த்தான். மூன்றே முக்கால் என்றபோது குரல் இறங்கியிருந்தது. நாலு மணி நேரத்துக்கு மேல்.

நிப்பிளை எடுத்ததும் வாய் திறந்தது. சத்தம் பெரிதாக வரவில்லை. மார்பில் வைத்தாள். ரெண்டு இழுப்பு இழுத்துவிட்டு அது கண்ணை மூடியது. காது மடலைத் தேய்த்தாள், உள்ளங்காலைச் சுண்டினாள். வெகுநேரம் கழித்து மறுபடி இழுக்க ஆரம்பித்தது. தணிகைவேல் பக்கத்தில் குந்தி, அடுத்த தரம் போனில் அலாரம் வைத்துவிடலாம் என்றான்.

“அலாரம் கேக்குமா இங்க?”

கரண்ட் வந்தது. அவனுடைய ரெண்டு தறியும் முதலில் உறுமின. அவன் எழப்போனான். பிரமிளா அவன் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்து, காதருகே சத்தமாகச் சொன்னாள்:

“வெள்ளிக்கெழம வரிக்கும் யாராவது ஒருத்தர் கொழந்தகிட்டயே குந்திக்கினு இருக்கணும் மாமா. எத நிறுத்தறது, உன் ரெண்டா, என் ரெண்டா?”